கை வலிக்குது சார்

முதலில் குரல்தான் கேட்டது. நான் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிண்ணத்தில் முல்தானி மட்டியைப் பன்னீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருக்கிறேன், சுகந்தி மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறார், அவர் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், அதற்குத்தான் இந்த ஃபேஷியல், மண் கட்டியில்லாமல் குழைய வேண்டும், இல்லையென்றால் கன்னத்தில் திட்டுத் திட்டாக நிற்கும், அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அப்போது பின்னால் ஒரு பெண் சொல்கிறாள், விடுங்க சார், கை வலிக்குது. அவ்வளவுதான். அந்த 'லி'யில் ஒரு ஏற்றம், 'து'வில் வந்து தொங்கிப்போவது, தலை பின்னும்போது சிக்கு எடுத்தால் அப்படித்தான் சொல்வாள், தடுப்பூசி போட்ட அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள், ஊரில் எத்தனையோ பிள்ளைகள் வலிக்குது என்று சொல்லும், எனக்குத் தெரியும், இருந்தும் கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. திரும்பாதே என்று தோன்றுகிறது. திரும்புகிறேன். ஒரு ஜீப், நாலைந்து போலீஸ், நடுவில் ஒரு பெண், முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக ஒரு கலங்கல். முகத்தை மறைத்தவர்கள் குரலை விட்டுவிட்டார்கள், நடையையும் விட்டுவிட்டார்கள், இடது கால் கொஞ்சம் உள்ளே திரும்பி விழுகிற நடை, கட்டிலிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்ட கால். ஆஷ்லின். என் மகள். பயம் வரவில்லை, வெட்கம் வரவில்லை, அதெல்லாம் வந்துகொண்டிருக்கிறது, வாசல் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் முதலில் உள்ளே நுழைந்தது சந்தோஷம், சத்தியமாகச் சந்தோஷம்தான், இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள், கை வலிக்கிறதென்றால் கை இருக்கிறது, வலி தெரிகிற அளவுக்கு உடம்பில் உயிர் இருக்கிறது. போன ஆடியில் காவிரியில் ஒரு பெண் பிணம் ஒதுங்கியது என்று கேள்விப்பட்டுப் பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் போய் நின்றேன், அங்கே இருந்தவர் துணியை விலக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன், கண்ணைத் திறந்தாத்தானேம்மா சொல்ல முடியும் என்றார், திறந்தேன், வேறு யாரோ பெற்ற பிள்ளை, அப்போதும் இதே மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது, வந்ததற்காக வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு மேரி, என்கிறார் சுகந்தி மேடம். கண்மேல் பன்னீரில் நனைத்த பஞ்சு வைத்திருக்கிறேன், அவரால் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும், நான் போய் ரிமோட்டை எடுத்து நானே சத்தத்தைக் கூட்டுகிறேன். பதினேழு வயதுப் பெண்ணின் பகீர் பின்னணி என்கிறது டிவி. இன்ஸ்டாவில் பழகி, வேலை வாங்கித் தருவதாக ஆசை காட்டி, சிறுமிகளை வலையில் வீழ்த்திய வலை ராணி. வலை ராணி என்று சிவப்பு எழுத்தில் போட்டு அதைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி படம் வரைந்து அதற்கு ஒரு மியூசிக், யாரோ உட்கார்ந்து இதற்கென்று மியூசிக் போட்டிருக்கிறார்கள். நான் பிரஷ்ஷை எடுத்து மேடத்தின் நெற்றியில் ஆரம்பிக்கிறேன், நடுவிலிருந்து வெளிப்பக்கம், நடுவிலிருந்து வெளிப்பக்கம், கை தன்பாட்டுக்குப் போகிறது, இத்தனை வருஷப் பழக்கத்தில் கைக்கு நான் தேவையில்லை. பைபாஸுக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு. நேற்று அதில் போலீஸ் நுழைந்திருக்கிறது. நாலு பிள்ளைகள் மீட்பு. மூளையாகச் செயல்பட்ட பெண் கைது. எந்த மூளை, கடைக்கு அனுப்பினால் உப்பை மறந்துவிட்டுச் சீனியை வாங்கி வருகிற மூளை, பின்னக் கணக்குக்கு அழுகிற மூளை. அடுக்குமாடியைக் காட்டுகிறார்கள், பால்கனியில் ஏதோ துணி காய்கிறது, அதற்கு எதிரில் பெட்ரோல் பங்க், எனக்குத் தெரிந்த பங்க்தான், கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் பார்லர் முதலாளி நளினி அக்காவின் கார் அங்கேதான் பெட்ரோல் போடும், நான் காருக்குள் மேக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன், எத்தனை தடவை பார்த்திருப்பேன், மேலே பார்த்தேனா, இல்லை, அவள் கீழே பார்த்தாளா. சென்னை, பெங்களூர், பம்பாய் என்று என் மனசு போகாத ஊர் இல்லை, ரயில்வே ஸ்டேஷனில் நின்று வடக்கே போகிற ரயிலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் இங்கேயே இருந்திருக்கிறாள், இதே வெயிலில், இதே தண்ணீரைக் குடித்துக்கொண்டு.

இந்தக் காலத்துப் பொண்ணுங்க என்ன துணிச்சல் பார் மேரி, என்கிறார் மேடம். பேசாதீங்க மேடம், முகத்துல பேக் வெடிச்சிடும் என்கிறேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதுதான் எனக்கு ஆச்சரியம். அவள் காணாமல் போனது போன வருஷம் சித்திரை மாதம், பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த லீவு, கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடை விளம்பரத்துக்கு மாடல் எடுக்கிறார்கள், ஃப்ரெண்ட் ஒருத்தி சொன்னாள், போய்ப் பார்த்துவிட்டு சாயந்திரமே வந்துவிடுகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன், சரி என்றாள், நான் இங்கே வேலைக்கு வந்துவிட்டேன், வீட்டுக்குப் போனால் பூட்டு, சாவி பக்கத்து வீட்டில், பின்பக்கக் கொடியில் அவள் துவைத்துப் போட்ட என் புடவை. அந்த ஃப்ரெண்ட் யாரென்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது, பேர் மட்டும் தெரியும், போனில் ரோஜாப்பூ படம் போட்டிருந்த ஒரு பேர். ஸ்டேஷனுக்குப் போனேன், ஏட்டு டீ குடித்துக்கொண்டே சொன்னார், இந்த வயசுல எல்லாம் லவ்வுதாம்மா, எவன் கூடயாச்சும் போயிருக்கும், ரெண்டு மாசத்துல வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கும், புகார் எழுதிட்டா நாளைக்கு கல்யாணம் காட்சின்னு வரும்போது உங்களுக்குத்தான் அசிங்கம். நான் அழுது கெஞ்சின பிறகுதான் எழுதினார். அதற்குப் பிறகு ஒரு டிவி ஆபீசுக்குப் போனேன், அவள் போட்டோவை வைத்துக்கொண்டு, காணவில்லை என்று ஒரு தடவை காட்டினால் போதும், யாராவது பார்த்திருப்பார்கள் என்று. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் நல்ல பெண், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னாள், காணாமப் போறது மட்டும் நியூஸ் ஆகாதாம் அக்கா, ஏதாச்சும் நடந்திருந்தா சொல்லச் சொன்னாங்க. ஏதாவது நடந்திருந்தால். இதோ நடந்துவிட்டது. இப்போது காட்டுகிறார்கள், காலையிலிருந்து காட்டிக்கொண்டிருப்பார்கள், ஒரு தடவை கேட்டேன், ஓயாமல் காட்டுகிறார்கள்.

திரும்பவும் ஜீப், திரும்பவும் அந்த நாலைந்து போலீஸ், விடுங்க சார், கை வலிக்குது. பிடித்திருப்பது யார், ஒரு கை மட்டும் தெரிகிறது, முழங்கைக்கு மேலே பிடித்திருக்கிறது, அந்த இடத்தில் நான் பிடித்தாலே அவளுக்குச் சிவந்துபோகும். முடியை வெட்டியிருக்கிறாள், அல்லது வெட்டிவிட்டிருக்கிறார்கள், இடுப்பு வரைக்கும் இருந்த முடி, கழுத்தோடு நிற்கிறது. அடுத்து அந்த நாலு பிள்ளைகளைக் காட்டுகிறார்கள், வேனில் ஏற்றுகிறார்கள், அவர்களுக்கும் முகத்தில் கலங்கல்தான், ஆனால் மியூசிக் வேறு, புல்லாங்குழல் மாதிரி ஒன்று அழுகிறது, மீட்கப்பட்ட பிஞ்சுகள் என்று எழுத்து ஓடுகிறது. பிஞ்சுகள். போன சித்திரையில் என் மகள் அந்த வீட்டுக்குள் போனபோது அவளும் பிஞ்சுதானே, அந்த மாதமே போலீஸ் கதவைத் தட்டியிருந்தால் அவளையும் அந்த வேனில் ஏற்றியிருப்பார்கள், அவளுக்கும் புல்லாங்குழல் வாசித்திருப்பார்கள். எந்த நாளில் அவள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்தாள். காலையா, மாலையா, யார் என்ன சொன்னார்கள், இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டு வா, உன்னை விட்டுடறோம் என்றார்களா, அடித்தார்களா, சாப்பாடு போடாமல் வைத்திருந்தார்களா, உங்க அம்மாவ என்ன பண்றோம் பாரு என்றார்களா. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது, தலைமறைவான இருவரைத் தேடி வருகின்றனர், ஓடி முடிந்துவிட்டது, அவர்களுக்கு மியூசிக் இல்லை, பட்டப்பேர் இல்லை, அந்த இருவர் என்பதோடு சரி. ஆனால் நான் இப்படியே நினைத்துக்கொண்டே போனால் அது இன்னொரு இடத்தில் போய் இடிக்கிறது, இடிக்கட்டும், அந்த நாலில் இரண்டு பிள்ளைகளை இவள்தான் கூப்பிட்டாள் என்கிறார்கள், அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா இருப்பாள், ஏதோ ஒரு வீட்டில் இதே டிவியைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கலங்கல் முகத்தைப் பார்த்து, நீ நாசமாப் போக, உன்னைப் பெத்தவ வயிறு எரிய என்று மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருப்பாள். நான்தான் அந்தப் பெற்றவள். அவள் தூற்றுவதில் தப்பில்லை. ரோஜாப்பூ படம் போட்ட அந்தப் பெண்ணை நான் எத்தனை ராத்திரி அப்படித் தூற்றியிருக்கிறேன், அவளும் யாரோ ஒருத்தியின் மகளாக இருந்திருப்பாளோ, அவளையும் யாராவது முழங்கைக்கு மேலே பிடித்திருந்தார்களோ, இதை இவ்வளவு நாள் நினைத்ததே இல்லை, இன்றைக்குத்தான் நினைக்கிறேன், நினைத்த உடனே கன்னத்தில் அடிக்க ஆள் தேடுகிறது கை.

பேக் காய ஆரம்பித்துவிட்டது. ஓரத்தில் வெளுத்து வருகிறது. இப்போது மேடம் வாயைத் திறக்கக் கூடாது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டுக்குள்ளாகவே பேசுகிறார், அவருக்கு அடக்க முடியவில்லை, நல்ல மனுஷிதான், தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துத் தருகிறவர், ஜுரம் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்புகிறவர். அம்மாக்காரி என்ன பண்ணிட்டு இருந்தாளாம், என்கிறார். ஒரு வருஷமா பொண்ணு எங்க இருக்கான்னு தெரியாம ஒருத்தி இருப்பாளா மேரி, இவளும் அதுல கூட்டாத்தான் இருப்பா, காசு போயிருக்கும். நான் அவர் தலைமாட்டில் நிற்கிறேன், கீழே அவருடைய முகம், வெள்ளையாக, அசைவில்லாமல், கண் இருக்கும் இடத்தில் பஞ்சு. ஏதாவது சொல்லவேண்டும். அது என் மகதான் மேடம் என்று சொன்னால் என்ன ஆகும், முதலில் எழுந்து உட்காருவார், பஞ்சு கீழே விழும், பிறகு ஐயோ என்பார், நிஜமாகவே அழுவார்கூட, சாயந்திரத்துக்குள் அவருடைய வாட்ஸ்அப்பில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாருக்கும் கெடுதல் நினைக்காமலே சொல்லிவிடுவார், நம்ம பார்லர் மேரி இருக்காளே, பாவம், அவ பொண்ணுதானாம். பேர் வந்துவிடும். அவள் படித்த பள்ளிக்கூடம் வந்துவிடும், சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்த அன்றைக்கு வெள்ளை கவுனில் நிற்கிற போட்டோ யாரிடமாவது இருக்கும், அது வந்துவிடும், கலங்கல் போட்டு மறைத்து வைத்திருக்கிற ஒரே ஒரு சாமான் அந்த முகம்தான், அதையும் நானே துடைத்துக் கொடுத்துவிடுவேன். எனக்குள் ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி ஈர ஸ்பாஞ்சைப் பிழிந்து மேடத்தின் தாடையிலிருந்து துடைக்க ஆரம்பிக்கிறாள். மண் கரைந்து கிண்ணத்துத் தண்ணீர் கலங்குகிறது. பஞ்சை எடுத்ததும் மேடம் கண்ணைத் திறந்து என்னைத் தலைகீழாகப் பார்த்து, என்ன மேரி, ஒரு மாதிரி இருக்க, என்கிறார். பிறகு வழக்கம்போல, ஒவ்வொரு தடவையும் கேட்பதுபோல, உன் பொண்ணு எப்படி இருக்கா, நர்சிங்லாம் நல்லாப் படிக்கிறாளா, என்கிறார். சென்னையில் நர்சிங் என்பது நான் எல்லோருக்கும் சொல்லி வைத்த பொய், பிளஸ் டூ முடிக்காமலே நர்சிங்கா என்று ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை பேருக்கு, எத்தனை தடவை, எந்த வருஷம், எந்த ஹாஸ்டல் என்று பொய்க்குள்ளேயே ஒரு காலேஜ் கட்டி வைத்திருக்கிறேன். இருக்கா மேடம், என்கிறேன். இவ்வளவு நாளில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் நிஜம் அதுதான். இருக்கா.

நளினி அக்கா எப்போது உள்ளே வந்தாரோ, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மட்டும்தான் நிஜம் தெரியும், கடை அவருடையது, ஸ்டேஷனுக்கு என்னோடு முதல் நாள் வந்தவர் அவர்தான். திரும்பவும் ஜீப், திரும்பவும் கை வலிக்குது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, ரிமோட்டை எடுத்து அணைத்தார், இதே கருமத்தை எத்தனை வாட்டி பார்க்கிறது என்று மேடத்திடம் சிரித்தார், மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன் மேடம், மேரிக்குத் தலைவலி, காலையிலேயே சொன்னா. என் கையிலிருந்து ஸ்பாஞ்சை வாங்கும்போது விரல்களை ஒருதரம் அழுத்தினார். உள்ரூமில் ஏப்ரனைக் கழற்றும்போது பின்னாலேயே வந்து, நானும் வரட்டுமா, என்றார். வேண்டாங்க்கா. தெரிஞ்ச முகம் ரெண்டு பேர் போனா கண்டுபிடிச்சிருவாங்க. சரி போ, அங்க போய் எதையும் ஒளறாத, வக்கீல் பாக்கலாம், நான் ஒருத்தர்ட்ட பேசறேன், முதல்ல அவளப் பாரு. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மகளிர் ஸ்டேஷனில் விசாரணை நடக்கிறது என்று டிவியில் சொன்னார்கள், அங்கேதான் போகிறேன். என்ன கேட்பாள், என்ன கேட்பேன், ஏன் ஒரு போன் பண்ணல, இல்லை, அதைக் கேட்கக் கூடாது, பண்ண விட்டிருக்கமாட்டார்கள், ஆனால் பிள்ளைகளைக் கூப்பிட்டது போனில்தானே, போன் கையில் இருந்திருக்கிறதே, இன்ஸ்டா இருந்திருக்கிறதே, யாரோ இரண்டு பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தவளுக்கு என்னிடம் பேசத் தெரியவில்லையா, இல்லை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டு ஒருவன் இருந்தானா, இந்த இடத்துக்கு வந்து வந்து இடித்துக்கொண்டு திரும்புகிறேன், பாலக்கரை தாண்டிவிட்டது, திரும்பவும் அதே இடம். டிரைவர் போனில் ஏதோ வீடியோ ஓடவிட்டிருக்கிறார், பின்னாலிருந்து எனக்குச் சிலந்தி வலை மட்டும் தெரிகிறது. இதையெல்லாம் நடுரோட்டுல வச்சு சுடணும்மா, என்கிறார், கண்ணாடியில் என்னைப் பார்த்து. ஆம்பளைங்களையும் சேத்துச் சுடுங்க, என்கிறேன். ஆமாமா, அவனுங்களையும்தான், என்றார், ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமர நிழல் முழுக்கக் கேமரா. மூன்று கால் ஸ்டாண்டுகள், வயர்கள், காதில் எதையோ சொருகிக்கொண்டு கண்ணாடியில் முகம் பார்த்துப் பவுடர் ஒற்றிக்கொள்கிற ஒரு பெண், கன்னத்தில் சரியாகப் பரவவில்லை, சரிசெய்யக் கை பரபரக்கிறது, எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறது பார் புத்தி. டீ குடித்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறார்கள், கெட்டவர்கள் மாதிரித் தெரியவில்லை, யாரோ பெற்ற பிள்ளைகள், பசித்த முகங்கள். ஆஸ்பத்திரியில செக்கப் முடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் எழுந்தார்கள். ஜீப் வந்து நின்றது, கதவு திறந்தது, ஒரு லேடி போலீஸ் இறங்கினார், பின்னால் தலையோடு துப்பட்டா போர்த்திய ஒரு உருவம், இடது கால் உள்ளே திரும்பித் தரையில் பட்டது. ஏம்மா இப்படிப் பண்ண, எத்தனை பேரக் கூட்டிட்டு வந்த, அந்தப் பிள்ளைங்கள நினைச்சுப் பாத்தியா, முகத்தைக் காட்டும்மா, ஒரு வார்த்தை பேசும்மா. மைக்குகள் அவளை நோக்கி நீள்கின்றன. நான் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு முன்வரிசைக்கு வந்துவிட்டேன், கையை நீட்டினால் துப்பட்டா. அவள் பெயர் வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது, ஒரு வருஷமாகத் தெருத்தெருவாக, ஜெபத்தில், கனவில் கூப்பிட்ட பெயர், பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, ஒரு தரம் ஆஷ்லின் என்றால் போதும், திரும்பிப் பார்ப்பாள், அதோடு பத்து மைக்கும் அந்தப் பெயரைக் குடித்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், ரத்தம் உப்புக் கரித்தது. ஆனால் முகம் எப்படி இருந்ததோ, பக்கத்திலிருந்த ஒரு பையன் மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டான். அக்கா, நீங்க யாரு. அந்தப் பொண்ணுக்குச் சொந்தமா. அம்மாவா. துப்பட்டா நின்றது. அவள் நின்றுவிட்டாள், ஒரு அடி தள்ளி, லேடி போலீஸ் இழுத்தும் நகராமல் நின்றாள். இல்ல, என்றேன். அப்ப ஏன் அழறீங்க. கண்ணுல தூசி, ரோட்டுல போய்க்கிட்டு இருந்தேன், கூட்டமா இருக்கேன்னு பாத்தேன். மைக் விலகியது. துப்பட்டா நகர்ந்தது. படியேறி உள்ளே போய்விட்டது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டிருக்கக் கூடாது. கேட்டிருக்கும்.

கேமராக்கள் வேனில் ஏறிப் போகிறவரைக்கும் எதிர்ச் சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். இல்ல என்று சொன்ன வாய் இன்னும் அந்த வடிவத்திலேயே இருப்பதுபோல இருந்தது, உதட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் வயதான ஒரு லேடி எஸ்.ஐ., மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என்னம்மா, என்றார். நான் அந்தப் பொண்ணோட அம்மா. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பொண்ணுக்கு யாரும் இல்லையேம்மா. அப்பா அம்மா ரெண்டு பேரும் செத்துட்டாங்க, ஆசிரமத்துல வளர்ந்தேன்னு காலையிலேருந்து சொல்லுது. பேரு கூட வேற ஏதோ சொல்லுது. பத்திரிகைக்காரங்க இப்படித்தான் அம்மா, அத்தைன்னு சொல்லிக்கிட்டு உள்ள வருவாங்க, நீங்க யாரு, உண்மையச் சொல்லுங்க. போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன், அவசரத்தில் விரல் தள்ளிப் படங்கள் ஓடிவிட்டன, புடவை, கேக், யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கண், அதற்குப் பிறகுதான் அவள். எஸ்.ஐ. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இதுல முடி நீளமா இருக்கே, என்றார். பிறகு உள்ளே பார்த்து, அவளக் கூட்டிட்டு வாம்மா, என்றார். செத்துவிட்டேன். அவளுக்கு நான் செத்துவிட்டேன். இவர்கள் அடித்துக் கேட்டபோதும், டிவி கேட்டபோதும் என்னைச் சாகடித்து எங்கேயோ பத்திரமாகப் புதைத்து வைத்திருக்கிறாள், யாரும் தோண்டி எடுத்துவிடாதபடிக்கு. அல்லது வேண்டாமென்றே புதைத்தாளா. வரவே வேண்டாம் என்றா.

வந்தாள். துப்பட்டா இல்லை. கன்னம் வற்றிப்போய், உதட்டோரத்தில் ஆறின ஒரு வெட்டு, புருவத்தை யாரோ நூல் மாதிரி மெலிதாக எடுத்துவிட்டிருக்கிறார்கள், பெரிய பெண் மாதிரி தெரிவதற்காக, அதை என்னால் பார்க்க முடியவில்லை. இவங்க யாரு, தெரியுதா, என்றார் எஸ்.ஐ. அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ. அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை, சுவரைப் பார்க்கிற மாதிரி. தெரியாது மேடம், என்றாள். பாத்துச் சொல்லு. தெரியாது. யாருன்னே தெரியாது. எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், பாத்தீங்களா என்கிற மாதிரி. வாசலில் நான் சொன்னதைத்தான் திருப்பிக் கொடுக்கிறாளா, இல்லை நான் அங்கே காப்பாற்றியது மாதிரி இவள் இங்கே காப்பாற்றுகிறாளா, எனக்குத் தெரியவில்லை, இரண்டும் ஒரே வார்த்தையாகத்தான் வருகிறது. கிட்டப் போனேன், அவ்வளவுதான். முழங்கைக்கு மேலே சுடிதார்க் கை ஏறியிருந்தது, நாலு விரலும் கட்டை விரலும் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். தட்டிவிட்டாள். எதுக்கு நீ வந்தே, என்றாள். போ. உன்ன யாரு வரச் சொன்னா. உன்னையும் படம் புடிச்சுப் போடுவானுங்க, கடைக்குப் போக முடியாது, கோயிலுக்குப் போக முடியாது, போம்மா, போயிடு, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா. கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அந்த ரெண்டு பிள்ளைங்கள நான்தான் கூப்பிட்டேன், டிவில சொல்றதெல்லாம் நிஜம்தான், நான்தான் கூப்பிட்டேன், அழுதுக்கிட்டேதான் கூப்பிட்டேன், அதுங்க அழுவுறப்ப நான் கதவுக்கு வெளிய நின்னேன், போதுமா, போ. நான் போகவில்லை. தட்டிவிட்ட கையைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன், இந்தத் தடவை தட்டிவிடவில்லை, ஆனால் சாய்ந்துகொள்ளவும் இல்லை, விறைத்துப்போய் நின்றாள். கதவுக்கு வெளியே நின்றேன் என்கிறாள். அந்த இரண்டு அம்மாக்களிடமும் இதை ஒரு நாள் யார் போய்ச் சொல்வது, நானா, எந்த முகத்தோடு. எஸ்.ஐ. இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்து, எழுதி வைத்திருந்த தாளில் பெற்றோர் இல்லை என்ற வரியை அடித்தார். உக்காருங்கம்மா. தாயார் பேரு சொல்லுங்க. நாக்கு வீங்கி, கடித்த இடம் கனத்து, மூச்சுதான் வந்தது, சொல்லுங்கம்மா என்று அவர் இன்னொரு தடவை கேட்டார். பெற்ற பிள்ளை அம்மாவின் பேரைச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் கேட்டதற்குச் சொன்னாள், அதற்குப் பிறகு ஏன் சொல்லப்போகிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டு, சத்தமே இல்லாத குரலில் சொன்னாள்.

"இருதயமேரி. எழுதிக்குங்க மேடம். எங்கம்மா பேரு இருதயமேரி."